குப்பிக்கும் ஒரு கரண்டி

மகள் முப்ஷிரா குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்ட சத்தம் கேட்டதும் சைபுதீன் ஃபிரிட்ஜைத் திறந்தார். நெய்மீன் துண்டுகளுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் அந்தக் குப்பி இருந்தது. உள்ளே மாதுளைச் சாறு போலச் சிவந்த தண்ணீர். மகள் சொல்வதை நம்பினால், அது தங்கம். சார்ஜாவில் ஒருநாள் மழைக்குப் பதிலாக நண்டு பெய்ததென்று குளச்சல் சந்தை முழுவதையும் நம்பவைத்தவர் சைபுதீன். நண்டைச் சமைத்துத் தின்றதாகச் சாட்சி சொல்லவும் ஆள் உண்டு. அவருக்கே இந்தத் தங்கத்தை நம்பக் கொஞ்ச நாள் பிடித்தது.

மகளுக்கு நாகர்கோவில் கல்லூரியில் ஆராய்ச்சி. அதை ஒருநாள் வாப்பாவுக்கு விளக்கினாள். கரைந்து கிடக்கும் தங்கத்தில் ஒரு மருந்தைச் சேர்த்தால், தனித்தனியே அலையும் அணுக்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக் கொத்தாகக் கூடுமாம். கூடத் தொடங்கியதும், மேற்கொண்டு கூடாதபடி ஒவ்வொரு கொத்துக்கும் மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டுவிட வேண்டுமாம். அந்தப் பொடிக்கொத்துகள் புகையிலுள்ள விஷவாயுவையும் காற்றையும் சேர்த்து வைத்து விஷத்தை முறித்துவிட்டு, தங்களுக்கு ஒரு சேதமும் இல்லாமல் அடுத்த சோடியைத் தேடிப் போய்விடும்.

“கல்யாணத் தரகர் மாதிரின்னு சொல்லு.”

“ஆமா வாப்பா. ஆனா கமிஷன் வாங்காது.”

“அப்போ அது குளச்சல் தரகர் இல்ல.”

கொத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அந்தக் குணம் போய்விடும், பிறகு அது வெறும் தங்கம், வளையலுக்குத்தான் ஆகும் என்றாள் முப்ஷிரா. அடுப்படியிலிருந்து உம்மா சைனப் பீவி, “ஏட்டி, அதத்தானே மொதல்ல செய்யணும். உனக்குக் கல்யாணத்துக்காவது ஆகுமே,” என்றாள்.

பல மாதம் கைகூடாமல் கடைசியில் கைகூடிய ஒரே குப்பி அது. திருவனந்தபுரத்தில் அணுவையே படம் பிடிக்கும் நுண்ணோக்கியில் இன்றைக்கு அவளுடைய முறை. ரமலான் நோன்புக்கு முன்பே எழுதிக்கொடுத்துக் காத்திருந்து கிடைத்தது. படம் இல்லாமல் ஆய்வை முடிக்க முடியாது. கல்லூரி கொடுத்த அவகாசமோ இந்த மாதத்தோடு தீர்கிறது.

சைபுதீனும் சும்மா இருக்கவில்லை. மச்சான் நஸீம் மக்காவுக்கு உம்ரா போய்க் கொண்டுவந்த ஸம்ஸம் புனித ஊற்றின் தண்ணீரை அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தார். மகளின் எந்தப் பரீட்சைக்கும் காலையில் அதில் ஒரு கரண்டி கொடுக்காமல் அனுப்பியதில்லை, அவளும் தோற்றதில்லை. இன்று கரண்டியில் ஊற்றிய பிறகுதான் அவருக்கு உறைத்தது, இன்றைக்குப் பரீட்சை மகளுக்கு இல்லை, குப்பிக்கு. பிஸ்மி சொல்லி மூடியைத் திறந்து ஊற்றினார்.

சிவப்பு ஊதாவானது. அவருக்கு மெய்சிலிர்த்தது. வந்து பார் என்று மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் ஊதா நீலமாகி, நீலம் சாம்பலாகத் தொடங்கியது. குப்பியைக் குலுக்கினார். ஃபிரிட்ஜுக்குள் வைத்து எடுத்தார். வெயிலில் பிடித்தார். உள்ளங்கைக்குள் பொத்தி ஓதி ஊதினார். கூடாதே, கூடாதே என்று அவர் சொல்லச் சொல்ல உள்ளே அவை கூடிக்கொண்டிருந்தன.

முப்ஷிரா தலைத்துண்டோடு வந்து நின்றாள். குப்பியைப் பார்த்தாள், வாப்பாவின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

“என்ன ஊத்துனீங்க?”

“ஸம்ஸம், மக்ளே. ஒரே ஒரு கரண்டி.”

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஊத்துத் தண்ணியில தாது உப்பு இருக்கும் வாப்பா. சட்டைய அது கழட்டிரும்.”

“அது உப்புத்தண்ணி இல்லியே. எத்தன வாட்டி குடிச்சிருக்கேன்.”

“நமக்கு நல்லது. இதுக்கு ஆவாது.”

அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் ஈரத்தலையை வெறுமனே துவட்டிக்கொண்டிருந்தாள், துவட்டிய பக்கத்தையே மறுபடியும்.

“திருப்பிப் பிரிக்க முடியாதா?”

“முடியாது வாப்பா.”

“நான் வந்து ஒங்க சாருகிட்ட சொல்லட்டா?”

“என்னன்னு சொல்லுவீங்க?”

நண்டு மழைக்கு நாள், கிழமை, காற்றடித்த திசை வரை சொல்லத் தெரிந்தவர், கரண்டியைக் கைலியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. “ஏ முப்ஷி, இரணியல்ல ட்ரெயின் ஒனக்காண்டி நிக்காது பாத்துக்க. வாறியா?” என்று ஆட்டோக்காரன் சூசை குரல் கொடுத்தான். சைனப் பீவி சோற்றுப்பொதியைக் கொண்டுவந்து மகளின் பைக்குள் வைத்தாள். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

முப்ஷிரா எழுந்து குப்பியை வாங்கி ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சூசை இஞ்சினை அணைக்கவில்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வெளிறிய தண்ணீருக்குள் கண்ணுக்கிடும் சுருமாப் பொடி போல ஒரு கறுப்பு, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.