கறையும் மடிப்பும்

அந்த அச்சகத்தில் மாதம் ஒரு துப்பறியும் நாவல் வெளிவரும். எழுதுகிறவர் முதலாளியேதான். யார் வீட்டில் செருப்புத் தொலைந்தாலும் தடயம் பார்க்கக் கிளம்பிவிடுவார். செருப்பு மட்டும் கிடைத்ததில்லை.

அன்று மத்தியானம் பைண்டிங் அறைக்குள் ஒரு கடிதத்தோடு நுழைந்தார். உள்ளே ஆறு பெண்கள். புத்தகம் திருடு போகிறதென்று வேலை நேரத்தில் அந்த அறையை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். நெருப்புப் பிடித்தால் எங்கே ஓடுவது என்று கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன மொட்டைக் கடிதம், சுற்றி வளைத்து முதலாளி கைக்கே வந்திருந்தது. எழுதியவள் யாரென்று தெரியும்வரை தன்னையும் உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டும்படி வாட்ச்மேனிடம் சொன்னார். பூட்டு விழுந்தது.

தாள் மடிப்பவள் குனிந்த தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தாள். எழுதியவள் அவள்தான். கணவன் படுத்த படுக்கை. வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்.

முதலாளி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் பசைக் கறை. ஆகவே எழுதியது பசை தடவுகிறவள். நாளையிலிருந்து அவள் வர வேண்டாம். அந்த அறையில் பசை ஒட்டாத பொருள் எது என்று அவர் யோசிக்கவில்லை.

பசை தடவுகிறவள், தாள் மடிக்கும் இவளுடைய நாத்தனார். அவள் கடிதத்தின் மடிப்பைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். மூலைக்கு மூலை மயிரிழை பிசகாமல், நகத்தால் நீவிய மடிப்பு. பயந்து பயந்து எழுதியதைக்கூடப் பாழாய்ப்போன கை பழக்கதோஷத்தில் அப்படி மடித்திருக்கிறது. ஆறு பேருக்கும் புரிந்துவிட்டது, துப்பறியும் சிங்கத்தைத் தவிர. நாத்தனார் இவளைக் காட்டிக் கொடுக்காமல் பசைக் கிண்ணத்தை மூடி வைத்தாள். அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

"ஐயா, கறையப் பாத்தீங்க, மடிப்பப் பாக்கலயே," என்று ஒரு தாளை எடுத்து மடித்து, கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்த முதலாளியின் முகத்தில், தானே கண்டுபிடித்துவிட்ட பெருமிதம். "வெளியே போ," என்றார்.

போவதற்குக் கதவைத் திறக்க வேண்டுமே. தட்டினார். பக்கத்துக் கூடத்தில் அச்சு மிஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டார். இரண்டு கையாலும் தட்டினார். தன் போனை மேஜையில் விட்டு வந்திருந்தார். பெண்களின் போன்களை வாசலிலேயே வாங்கி வைப்பது அவர் போட்ட சட்டம். கழுத்தில் வியர்வை வழிந்தது.

அவள் உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்தாள்.

"பதறாதீங்கய்யா. மிஷின் நின்னாதான் அவருக்குக் கேக்கும். எங்களுக்கு ஆறு வருசமா இப்படித்தான்."