சுப்புராமன் சரிபார்த்தது

சட்னியில் உப்பு போதவில்லை என்றார் சுப்புராமன். மனைவி ஞானம்பாள் உப்பு ஜாடியோடு திரும்புவதற்குள் தட்டின் மேலேயே சாய்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் ஜி.எஸ்.டி. ரோட்டை எட்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பீரங்கிப் படையில் குண்டு விழும் தூரத்தைக் கணக்குப் போட்டவர் அவர். பணியில் இருந்தபடியே புள்ளியியல் படித்து, ஓய்வுக்குப் பின் முனைவர் பட்டமும் வாங்கி, கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளரானார். மாணவர்கள் கொண்டுவரும் எண்களை அவர் அப்படியே நம்புவதில்லை. அவர்கள் கேட்டதாகச் சொன்ன வீடுகளில் சிலவற்றுக்காவது தானே போய் விசாரிப்பார். அதனாலேயே பலர் அவரிடம் சேரப் பயந்தார்கள்.

இறப்பதற்கு முந்தின வாரம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போய்வந்தார். அங்கே நானூறு மீனவக் குடும்பங்களிடம் வருமானம் பற்றிக் கேட்டதாக இனியன் என்ற மாணவன் எழுதிக் கொடுத்திருந்தான். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சிரித்தார், ஆனால் முகம் கறுத்திருந்தது.

"ரெஜினான்னு ஒரு அம்மா வலை பிரிச்சிக்கிட்டிருந்தாங்க. 'எவன் வந்தான் நைனா? நீதான் மொத மொத வந்துகீற'ங்கறாங்க. பயல் நாவலூர்ல ரூமை விட்டு நகரல, ஞானம். நானூறு பேரும் ஒரே மாதிரி பதில் சொல்ல அது குப்பமா, பரேடு மைதானமா? இதுல என் பேர் வராது."

அவர் போனபின் அதே துறையின் ராஜேந்திரன் இனியனுக்கு நெறியாளரானார். அதே ஆய்வேட்டின் வைவாவுக்கு, அந்த வாய்மொழித் தேர்வுக்கு, ஞானம்பாளையும் அழைத்தார்கள். திரையில் சீருடையோடு சுப்புராமன் படம். அதன் கீழே, ஆய்வேட்டின் முதல் பக்கத்து வரி: 'தரவுகளை நேரில் சென்று சரிபார்த்த என் ஆசானுக்கு.'

இனியன் அவள் காலில் விழுந்தான். அவனுடைய சென்ட் வாடை அவள் புடவையில் ஒட்டிக்கொண்டது. ராஜேந்திரன் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"அவர் இதைச் சரின்னு சொல்லல. பொய்னு சொன்னார். அவர் பேரை எடுத்துடுங்க."

ராஜேந்திரன் மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார். "அம்மா இன்னும் துக்கத்துல இருக்காங்க. சாருக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள், இனியன் எல்லோரையும் விட நன்றாகக் குனிந்து. ஞானம்பாள் மட்டும் உட்கார்ந்தாள். மௌனம் முடிந்ததும் கைதட்டல், அவன் முனைவரானான்.

சாப்பாட்டுக்கூடத்தில் வெளித்தேர்வாளர் பிரியாணி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ராஜேந்திரன் ஓடிவந்தார். "மேடம், வெஜ் அந்தப் பக்கம். விடுங்க, சாருக்குப் பெருமைதானே? பிரிண்டும் ஆயிடுச்சு."

"செத்தவர் மறுபடி எழுந்து வந்து கேக்கமாட்டார்னு தைரியம்" என்றாள். தயிர்சாதம் நன்றாக இருக்கும் என்றார் ராஜேந்திரன்.

அவள் கை கழுவி, பொன்னாடையில் துடைத்து, அதைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வெளியேறினாள்.

பல்கலைக்கழகத்துக்கும் போய்ச் சொன்னாள். பார்க்கிறோம் என்றார்கள். இனியன் இப்போது அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தை யாரும் மாற்றவில்லை.