காதுக்குப் பின்னால் வைத்த சாயம்

நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும் ‘நீங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். பாப்பம்மாள் டீச்சரின் முதல் விதி அது. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவது, நகத்தை ஒட்ட வெட்டுவது, சீப்பைக் கொதிக்கவைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கண்மணியால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. கூடவே தொழில் கற்கும் லீலா நாற்காலியில் உட்காரும் நாட்களில் அவள் ஆளே இல்லாமல் பேசக் கற்றுக்கொண்டாள். “தலை குனியணும்.” “கண்ணை மூடிக்கிடணும்.” “தண்ணி சுடுதான்னு சொல்லணும்.” சுவரிடம் பேசுவது போலிருக்கும். டீச்சர் இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

கொடைக்கானல் கடைத்தெருவின் சரிவில் டீச்சருக்குப் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை இருந்தது. மெட்ராஸில் ஒரு சட்டைக்கார, ஆங்கிலோ இந்தியப் பெண்மணியிடம் தொழில் கற்றவள். லீலாவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சீசனுக்கு மட்டும் கடை திறக்கும். குளிர்மாதங்களில் தொழில் கற்க வரும் பெண்களை வைத்துக்கொண்டு வேலை வாங்குவாள். அந்த அறுபத்து மூன்றாம் வருஷத்துச் சீசனுக்காகக் கார்த்திகையில் நாலு பேர் வந்தார்கள். ஒருத்தி குளிர் தாங்காமல் இறங்கிப் போனாள். இன்னொருத்தி சுவரில் மாட்டியிருந்த மண்டையோட்டுப் படத்தைப் பார்த்துப் பயந்து ஊருக்கே போய்விட்டாள். மிஞ்சியது லீலாவும் கண்மணியும். சம்பளத்துக்கு நின்று வேலை செய்யக் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி.

“பொம்பளைங்க தலையை நம்மகிட்ட ஒப்படைச்சுட்டுக் கண்ணை மூடுறாங்க. எந்த எலும்பு எங்க இருக்கு, எந்த நரம்பு எங்க ஓடுதுன்னு தெரியாதவ கையில கத்திரியைத் தரமாட்டேன்” என்பாள் டீச்சர். அதனால் இருவரும் மாறி மாறி உட்கார்ந்து ஒருத்தி மண்டையை மற்றவள் விரலால் தடவி எலும்பின் பெயரைச் சொல்ல வேண்டும். லீலாவின் விரல்கள் கண்மணியின் பிடரிக்கு வந்ததும் அங்கே தசை இறுகிக் கல்லாகிவிடும். லீலா வேண்டுமென்றே அங்கே கொஞ்சம் அழுத்துவாள். அறையில் வெந்நீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

லீலாவின் அப்பாவும் அண்ணன் பொன்னுவேலும் பழனி அடிவாரத்தில் முடியிறக்கும் வேலை செய்பவர்கள். கண்மணியின் ஆட்கள் பூம்பாறையில் பூண்டும் உருளையும் போடும் குடும்பம். அப்பா அம்மா இறந்தபின் அத்தை கருப்பம்மாள் வீட்டில் இருந்தாள். இருபத்தேழு வயதில் தலை முன்பக்கம் முழுக்க நரைத்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் முக்காட்டுக்கு வெளியே தெரிந்ததைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள். கல்யாணம் இல்லையென்றால் சம்பாத்தியமாவது வேண்டும் என்று அத்தைதான் அனுப்பினாள். தலையைத் தொடும் தொழில்தானே என்று யாரோ கேட்டதற்கு, “வெள்ளைக்காரிச்சிக தலையைத்தான தொடப்போறா” என்று சொல்லிவிட்டாளாம்.

லீலாவின் கதை சின்னது. புருஷன் வீட்டிலிருந்து நடந்தே வெளியேறியவள். இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. புருஷன் ஓங்கிய உலக்கை பட்டு ஒடிந்தது, தானாகக் கூடிக்கொண்டது. “வேலைன்னு ஒண்ணு இருந்தா நீ அங்க மலைமேல இருந்துக்கோ. இல்லையா, நானே உன்னைக் கொண்டுபோய் அந்த வீட்டுல விட்டுருவேன்” என்று பொன்னுவேல் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிறவன். உலக்கை இருந்த வீடு அது.

கடைசிப் பரீட்சை சாயம் போடுவது. நரைத்த தலை கண்மணியுடையது ஒன்றுதான் இருந்தது. லீலா அவளுக்குச் சாயம் போட வேண்டும். கண்மணிக்கான பரீட்சை லீலாவின் முடியைச் சுருட்டுவது. அதை அவள் முந்தின வாரமே பிசகில்லாமல் முடித்துவிட்டாள். சாயம்தான் கடினமான வேலை; லீலா தேறினால் நாற்காலி அவளுக்கு, தவறினால் கண்மணிக்கு.

சாயம் போடுவதற்கு முந்தின நாள் ஒரு சோதனை உண்டு. கலந்த சாயத்தில் ஒரு சொட்டைக் காதுக்குப் பின்னால், மயிர் இல்லாத தோலில் வைத்துவிட்டு மறுநாள்வரை தண்ணீர் படாமல் விட வேண்டும். தோல் தடித்தாலோ சிவந்தாலோ அந்தத் தலைக்குச் சாயம் கிடையாது. லீலா வைத்தாள். டீச்சர் விதியை ஒருமுறை சத்தமாகச் சொன்னாள். கண்மணி தலையை ஆட்டிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். லீலா கொண்டையை அவிழ்த்தாள். உள்முடி ஈரமாக இருந்தது. பிடரியோரத்தில் சீயக்காய்த் திப்பி ஒன்று ஒட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் தோல் வெள்ளையாக, தேய்த்துக் கழுவின பாத்திரம் மாதிரி இருந்தது.

லீலாவுக்கு ஆச்சரியம் வரவில்லை. தான் தலையைத் தொட்ட நாளுக்கு மறுநாள் எல்லாம் கண்மணி ஈரத்தலையோடுதான் வருகிறாள். தொடாத நாட்களில் எண்ணெய் வைத்து வாரியிருப்பாள். கார்த்திகையிலிருந்து இது நடக்கிறது. ஏன் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பழனியில் முடியிறக்கிக்கொண்டவர்கள் எழுந்து நேரே குளிக்கப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். ஆனால் அவர்கள் உடம்பில் ஒட்டிய மயிரைக் கழுவப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இங்கே தலையிலிருந்து ஒரு மயிர்கூட விழவில்லை.

சாயக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போட்டுவிடலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் கண்மணியின் விரலிடுக்குகளில் மார்கழியிலிருந்தே தோல் சிவந்து வெடித்திருப்பது அவள் கண்ணில் பட்டிருந்தது. பூண்டு உரிக்கிறதால் என்று கண்மணி சொல்லியிருந்தாள். பூம்பாறையில் பிறந்ததிலிருந்து பூண்டு உரிக்கிற கை, சாயக் கிண்ணம் கழுவத் தொடங்கிய பிறகு ஏன் வெடிக்க வேண்டும்? அந்தத் தலை முழுக்க இந்தச் சாயத்தைப் பூசினால் என்ன ஆகும் என்று லீலா யோசித்துப் பார்த்தாள். வீங்கிய முகம் மனதில் வந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்ன, சிலை மாதிரி நிக்கிற?” என்றாள் டீச்சர்.

“சோதனை செல்லாது டீச்சர். குளிச்சிருக்காங்க.”

“குளிச்சியா?”

“இல்லை டீச்சர்” என்றாள் கண்மணி, கண்ணாடியைப் பார்த்தபடி. “பனி. பஸ்ஸுக்கு நின்னதுல நனைஞ்சிருச்சு.”

“பனி சீயக்காய் போட்டா பெய்யுது உங்க ஊர்ல?” என்றாள் லீலா.

“இவளுக்குப் போடத் தெரியல டீச்சர். பயந்துக்கிட்டு எதையாவது சொல்றா.”

“நான் தொட்டதுக்குக் குளிக்கிறீங்க. கார்த்திகையிலேர்ந்து குளிக்கிறீங்க. குளிங்க, உங்க தலை. இன்னைக்கு மட்டும் குளிக்கக் கூடாதுன்னு சொன்னோம்ல?”

கண்மணி எழுந்து நின்றாள். “ஆமா, குளிச்சேன். சவரக்காரன் வீட்டுக் கை பட்டா எங்க வீட்டுல அடுப்படிக்குள்ள விடமாட்டாங்க. நான் எங்க போய்ப் படுக்க? உன் வீட்டுலயா?”

அடுப்பில் வெந்நீர் பொங்கி நெருப்பில் விழுந்தது. டீச்சர் அதை இறக்கக்கூடப் போகவில்லை.

“லீலா” என்றாள் கடைசியில். “சீசனுக்கு வர்ற நம்ம நாட்டு ஆளுங்கள்ல பாதிப் பேரு வீட்டுக்குப் போய்க் குளிக்கத்தான் செய்வாங்க. நான் தொட்டாலும் குளிப்பாங்க. ஒவ்வொருத்திகிட்டயும் இப்படி மல்லுக்கு நிப்பியா? கஸ்டமர்கிட்ட சாதி, சாமி, புருஷன் இதெல்லாம் பேசக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? அதுவும் விதிதான்.”

“சரி டீச்சர்.”

“அப்ப போடு. சோதனை இல்லாமலே போட்டு முடி. நாற்காலி உனக்கு.”

கண்மணி மறுபடி உட்கார்ந்தாள். லீலா திட்டு வாங்கியதில் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. லீலா கிண்ணத்தை மேஜையில் வைத்தாள்.

“போட மாட்டேன். அவங்க கையைப் பாருங்க டீச்சர். நாளைக்குப் போடுறேன். இன்னைக்குத் திரும்பச் சோதனை வைக்கிறேன்.”

“நாளைக்கு அந்தக் காதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா?”

டீச்சரே சொன்னாள்: “நீ பெட்டியைக் கட்டு. சண்டைக்காரி எனக்கு வேண்டாம். இவளே இருக்கட்டும்.” பிறகு கண்மணியிடம் திரும்பினாள். “நீ குளிச்சுட்டு வந்தேன்னா வாசல்லயே நின்னுக்கோ. உள்ள வராதே.”

“குளிக்க மாட்டேன்” என்றாள் கண்மணி. “சாமி சத்தியமா குளிக்க மாட்டேன். ஒண்ணும் ஆகாது. இவ பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போறதை நான் நின்னு பாக்கணும்.”

லீலா அவள் காதை மடக்கிப் பிடித்தாள். பஞ்சை நனைத்துத் துடைத்தாள். சாயத்தைக் குச்சியில் தொட்டு வைத்தாள். பிறகு இன்னொருமுறை தொட்டு வைத்தாள். கையெடுக்கும்போது அது ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பரவியிருந்தது.

அன்று இரவு லீலா கடையின் பின்கட்டில் படுத்திருந்தாள். அங்கேதான் அவள் இருப்பு. பெட்டியைக் கட்டவில்லை, கட்டினால் அதற்கு ஒப்புக்கொண்டது போலாகும் என்று தோன்றியது. நாளைக்கு அந்தக் காது வீங்க வேண்டும் என்று நினைத்தாள். வேண்டுதலா என்று தெரியவில்லை. யாரிடம் வேண்டுகிறோம் என்றும் தெரியவில்லை. ஒரு மனுஷியின் தோல் புண்ணாக வேண்டும் என்று ஆசைப்படும் அளவுக்குத் தன்னை எது கொண்டுவந்தது என்று யோசித்தாள். பதிலாக வந்ததெல்லாம் கண்மணியின் சிரிப்புதான்.

முதல் பஸ்ஸில் கண்மணி வந்தாள். தலையோடு கம்பளியைப் போர்த்தியிருந்தாள். உள்ளே வந்து அதை எடுத்தாள். வலது காது தடித்துத் தோடு உள்ளே புதைந்திருந்தது. கழுத்தில் சிவப்பு இறங்கியிருந்தது. ஒரு கண் பாதி மூடிக் கிடந்தது. சாயம் வைத்த இடத்தில் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

“குளிக்கல” என்றாள். “அத்தை வீட்டுக்குள்ள விடல. பூண்டுக் கொட்டகையில சாக்கை விரிச்சுப் படுத்தேன். விடிய விடிய அரிப்பு. கையைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன், இவளைத் துரத்தணுமேன்னு.” லீலாவைப் பார்த்தாள். “குளிருதா இப்ப மனசு?”

ஆமாம் என்பதுதான் உண்மை. லீலா ஆறவைத்த வெந்நீரையும் பஞ்சையும் எடுத்துவந்தாள்.

“தொடாதே” என்றாள் கண்மணி. பஞ்சைப் பிடுங்கித் தானே துடைத்துக்கொண்டாள். இடம் தெரியாமல் கொப்புளத்தின்மேல் அழுத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். லீலா பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

டீச்சர் அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தாள், விரல் விரலாக. இத்தனை மாதம் பார்க்காததை இப்போது பார்த்தாள். “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஊருக்குப் போ. வெரசாப் போ, கண்ணு முழுக்க மூடிரும்.”

“ஆறுனதும் வர்றேன் டீச்சர். சுருட்டுறதுல நான் ஒண்ணும் தப்புப் பண்ணல.”

“சாயம் இருக்கிற கடையில உன்னால வேலை செய்ய முடியாது. உன் ரத்தத்துக்கு அது ஆகல. கிண்ணம் கழுவுனாலே இப்படித்தான் வரும்.”

கண்மணி புரியாதவள் போல நின்றாள். பிறகு அந்த ஒற்றைக் கண்ணால் கடையை ஒருமுறை பார்த்தாள்: சீப்புகள், கத்திரி, மண்டையோட்டுப் படம், நாற்காலி. கம்பளியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன், இங்க யாரு தொடுறான்னு” என்று வாசலில் நின்று சொன்னாள். “பூம்பாறையிலேர்ந்து ஒரு பொண்ணும் இந்தப் படியேற மாட்டா.”

பாதை பனியில் மறைந்திருந்தது. அவள் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

டீச்சர் கீழே கிடந்த பஞ்சைக் குச்சியால் எடுத்து அடுப்பில் போட்டாள். “எவ்வளவு வெச்ச?”

“ஒரு சொட்டு.”

டீச்சர் திரும்பி அவளைப் பார்த்தாள். லீலா பாத்திரத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வர்றவங்களுக்கு ஒரு சொட்டுதான் வைக்கணும்” என்றாள் டீச்சர். “உனக்குப் பிடிச்சவங்களுக்கும் ஒரு சொட்டுதான், பிடிக்காதவங்களுக்கும் ஒரு சொட்டுதான். எனக்குத் தெரியலைன்னு நினைக்காதே.”

“சரி டீச்சர்.”

“அவ உட்கார்ந்த நாற்காலியைக் கழுவு. சீப்பு எல்லாத்தையும் திரும்பக் கொதிக்க வை. சீசன் வந்தாச்சு, நாளைக்கு வெள்ளனே கடை திறக்கணும்.”

லீலா முழங்கைவரை சோப்புப் போட்டாள். தண்ணீர் குளிர்ந்து கடித்தது. மடங்காத சுண்டுவிரலின் இடுக்கில் சாயக் கறை இருந்தது. அது எளிதில் போவதாக இல்லை. திரும்பவும் சோப்பை எடுத்தாள்.