பன்றி புரண்ட சேறு

தோல் கவசத்தின் கடைசி வாரை இறுக்கும்போதே நெவிலின் வியர்வை வேட்டைநாய் ஜின்னியின் முதுகில் சொட்டியது. பன்றி வாசனை பிடித்துவிட்ட நாய் நிலைகொள்ளாமல் துள்ளிக்கொண்டிருந்தது. வறட்சியில் தப்பிப் பிழைத்திருந்த ஆட்டுக்குட்டிகளில் பாதியை முந்தைய இரவு காட்டுப்பன்றிகள் தின்று தீர்த்திருந்தன. தாய் ஆடுகள் காலையிலிருந்து வேலியோரம் நின்று கத்திக்கொண்டேயிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை.

"இந்த வெயில்ல நாய அவுத்து விடாத நெவில். சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றாள் ஐரிஸ். சூடு தாங்காமல் வண்டியின் ஸ்டியரிங்கில் துண்டைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் நமக்காக உக்காந்திருக்குமா அந்தப் பன்னி? தடத்துல ஈரம்கூடக் காயல."

"காஞ்சது உன் மூளைதான். இருபது வருஷமா உன்னோட குப்ப கொட்றேன், எனக்குத் தெரியாதா?"

கவசமில்லாமல் விட்டால் ஆண் பன்றி கோரைப்பல்லால் கிழித்துப்போடும். கவசத்தோடு விட்டால் வெயில் உள்ளே வைத்து அவித்துவிடும். அதனால்தான் அந்தப் பக்கத்தில் கோடை வேட்டையை விடியலோடு முடித்துக்கொள்வார்கள். நெவிலுக்கும் தெரியும். ஆனால் ஆத்திரம் கண்ணை மறைத்தது. அவிழ்த்துவிட்டான்.

நாய் இருக்குமிடத்தைக் காட்டும் கைக்கருவியில் ஜின்னியின் புள்ளி ஓடியது. வறண்ட ஓடைக்குள் இறங்கி நின்றது. பன்றியைப் பிடித்துவிட்டாள். அவன் வந்து சொல்லும்வரை, உயிரே போனாலும் பிடியை விடமாட்டாள். அப்படித்தான் பழக்கியிருந்தான். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதும் அதைத்தான். வண்டி போக வழியில்லாததால் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓடினார்கள்.

ஓடைச் சரிவின் நிழலில், பன்றிகள் தோண்டிப் புரண்ட சேற்றுப் பள்ளத்தருகே, பெரிய ஆண் பன்றியின் காதைக் கவ்வியபடி ஜின்னி தொங்கிக்கொண்டிருந்தாள். நெவில் பின்னங்காலைப் பிடித்துப் பன்றியைக் கவிழ்த்துக் கத்தியை இறக்கினான்.

"விடு, ஜின்னி. போதும்டி."

விட்டாள். அவனை நோக்கி வந்தவளின் பின்னங்கால்கள் மடிந்தன. வெப்பம் ஏறி ஈறுகள் செங்கல் நிறத்திலிருந்தன. ஐரிஸ் கேனைச் சாய்த்தாள். கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் டீத்தண்ணி மாதிரிக் கொதித்தது.

"சேத்துல போடு!" என்று அவள் கத்தினாள். "என்னய எதுக்குப் பாக்குற? தூக்குப்பா!"

வார்களை அறுத்துக் கவசத்தை வீசிவிட்டு நாயைப் பள்ளத்தில் கிடத்தினார்கள். மேலே நாற்றம், அடியில் குளிர்ச்சி இருந்தது. நெவில் இரண்டு கையாலும் சேற்றை அள்ளி ஜின்னியின் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் அப்பினான். "நான்தான்டி பாவி. நான்தான் விட்டேன். கடிடி என்னய, ஏதாவது செய்." நாய்க்கு மூச்சு இரைத்தது, பிறகு இரைப்பதும் குறைந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

எதிர்க்கரையில் மண் சரிந்தது. ஒரு தாய்ப்பன்றி, பின்னால் குட்டிகள். மனிதர்களைப் பார்த்தும் திரும்பி ஓடவில்லை. தாகம் அதைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது.

"நெவில்" என்றாள் ஐரிஸ், மெதுவாக.

கத்தி எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவன் நாயின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பன்றி என்றாலாவது எழுந்துவிட மாட்டாளா என்று குனிந்து, சேறு அப்பிய காதோடு வாயை வைத்தான்.

"ஜின்னி, பன்னிடி. அங்க பாரு. பன்னி வந்திருக்கு பாரு."

பள்ளத்தின் மறுமுனையில் தாய்ப்பன்றி மூக்கைச் சேற்றில் புதைத்து உறிஞ்சத் தொடங்கியது. குட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.