அவனியாபுரத்தில் ஒரு வின்னிபெக்

விசா வந்துவிட்டது. ஜெயபாண்டிக்கு, அவன் மனைவி சரண்யாவுக்கு, நாலு வயது மகள் பாண்டிமீனாவுக்கு என்று மூன்று பேருக்கும் ஒன்றாகவே வந்துவிட்டது. அதற்கப்புறம் உசிலம்பட்டி பேரையூர் ரோட்டில் இருக்கிற அவர்கள் வீட்டில் பேச்சு என்றால் ஒரே பேச்சுதான், குளிர். கனடாவில் வின்னிபெக் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய லாரி பட்டறையில் ஜெயபாண்டிக்கு மெக்கானிக் வேலை. தை மாதம் போய்ச் சேர வேண்டும். தை மாதத்தில் அந்த ஊர் எப்படிக் கிடக்கும் என்று செல்போனில் பார்த்த நாளிலிருந்து தெருவே நடுங்கிக்கொண்டிருந்தது, போகிறவர்களைத் தவிர.

வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணு கருப்பட்டிச் சிப்பத்தைக் கொண்டுவந்து வைத்து, தினம் ஒரு சில்லு வாயில் ஒதுக்கிக்கொண்டால் குளிர் கிட்டே வராது என்றாள். பட்டாளத்தில் இருந்து வந்த மலையாண்டி, பனியில் தன் மூக்கு நுனி கறுத்துப்போன கதையை இரண்டு டம்ளர் டீ குடித்தபடி சொல்லிவிட்டு, "பயப்படாதீக, பெறகு சரியாயிருச்சு" என்று மூக்கைத் தடவிக் காட்டினார். பெட்டிகளைப் பக்கத்து வெங்காய மண்டித் தராசில் வைத்து எடை பார்த்தார்கள். புளியை எடுத்தால் மல்லித்தூள் போகும், மல்லித்தூளை எடுத்தால் வடகம் போகும். சரண்யாவுக்கு இந்த அமளியெல்லாம் பிடித்திருந்தது. ராத்திரி படுத்தால் கனவில்கூடப் பெட்டிதான் கட்டிக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் மட்டும் இன்னும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டால் ஜெயபாண்டி, "பாப்போம், பாப்போம்" என்பான். அந்தப் 'பாப்போம்' எங்கே போய் முட்டும் என்று சரண்யாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது கொடைக்கானலில் ஆரம்பித்த சந்தேகம்.

கல்யாணமான புதிதில் இருவரும் கொடைக்கானல் போனார்கள். போன அன்றே அவளுக்குக் காய்ச்சல். லாட்ஜ் கம்பளி இரண்டையும் சுற்றிக்கொண்டும் பல் தந்தியடித்தது நிற்கவில்லை. மறுநாளே மலை இறங்கிவிட்டார்கள். உண்மையில் அந்தக் காய்ச்சல் மலையில் வந்ததே இல்லை. மறுவீட்டு விருந்தன்றே உடம்பு கொதித்தது. வந்ததும் வராததுமாகப் படுத்துக்கொண்டாள் என்று பெயர் வாங்க வேண்டாமே என்று மாத்திரையை முழுங்கிவிட்டு வாய் திறக்காமல் பஸ் ஏறினாள், பைத்தியக்காரி. அப்புறம் உண்மையைச் சொன்னபோது நம்ப ஆளில்லை. 'கொடைக்கானலுக்கே தாங்காதவ' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். கட்டியவள் ஜெயபாண்டியின் அக்கா முனீஸ்வரி.

முனீஸ்வரி அடுத்த தெருவில் வாக்கப்பட்டவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளைப் பொறுத்தமட்டில் ஜெயபாண்டி சிங்கம். அவனுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அது சரண்யா வைத்த ரசத்தால் வந்ததாகத்தான் இருக்கும். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தவள், முதல் தோசையைப் பிட்டபடியே ஆரம்பித்தாள்.

"டேய் தம்பி, நான் சொல்றதக் கேளு. மொதல்ல நீ மட்டும் போ. ஒரு ரெண்டு வருசம் ஊரு ஒத்துக்குதான்னு பாரு. பெறகு இவளையும் புள்ளையையும் கூப்பிட்டுக்க. இவ கொடைக்கானலுக்கே தாங்காதவ. அங்க போயி இவளுக்கு ஒண்ணுன்னா நீ வேலையப் பாப்பியா, இவளப் பாப்பியா?"

சரண்யா தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். இவன் என்ன சொல்லப் போகிறான்? சண்டை போட வேண்டாம், ஒரு முறைப்பு முறைத்தால்கூடப் போதும்.

"அதுவும் சரித்தேன்க்கா" என்றான் ஜெயபாண்டி, சட்னியைத் தொட்டுக்கொண்டே.

அடேங்கப்பா, என்ன வேகம்! யோசிக்கிற மாதிரி ஒரு பாவனைகூட இல்லை. சரண்யாவுக்கு வயிறெரிந்தது. அடுப்பில் இருந்த தோசையும் தீய்ந்தது. அதை அப்படியே எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

அவளுக்கு இதில் ஏன் இத்தனை ஆத்திரம் என்றால், அவள் அப்பா சவுதியில் இருந்தவர். அவள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அங்கேதான். நடுவில் எப்போதாவது ஒரு மாதம் வருவார். ஒரு தடவை மதுரை ஏர்போர்ட் வாசலில், மீசையும் கூலிங்கிளாசுமாக வந்து நின்றவரைப் பார்த்து, மரியாதையாக "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டாள். கூட வந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. தன் மகள் தன் புருஷனை அப்படி ஒரு நாளும் கூப்பிடக் கூடாது. போனால் மூன்று பேரும் போவது, இல்லையென்றால் ஒருத்தரும் போக வேண்டாம். இதில் மட்டும் அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுநாள் காலை சரண்யா தன் தம்பி முகேஷுக்குப் போன் போட்டாள். முகேஷ் மதுரை அவனியாபுரத்தில் ஒரு ஐஸ்கிரீம் மொத்தக் கிடங்கில் சூப்பர்வைசர். அங்கே ஆள் உள்ளே நடந்து போகிற அளவுக்கு ஒரு குளிர் அறை உண்டு. மைனஸ் இருபது. பேசி முடித்துவிட்டு நேரே புருஷனிடம் வந்தாள்.

"நான் குளிரு தாங்குவேனா மாட்டேனான்னு தெரியணும், அம்புட்டுத்தேன மாமா? முகேசு கிடங்குல அரை மணி நேரம் நிக்கிறேன். முன்னாடியே வெளிய வந்துட்டேன்னா நீங்க தனியாப் போங்க, நான் ஒரு வார்த்தை பேசல. நின்னுட்டேன்னா மூணு டிக்கெட்டு."

"ஏ, லூசாடி நீ?" என்று சிரித்தான் ஜெயபாண்டி. ஆனால் சேதி தெரிந்து ஓடிவந்த முனீஸ்வரிக்கு இந்தப் பந்தயம் ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்லாத் தெரிஞ்சிக்கிரலாம்டா. நானும் வாரேன்" என்றாள். அக்கா வாயைத் திறந்த பிறகு தம்பி மறுத்துப் பேசுவதில்லை. "அப்ப நானும் உள்ள நிக்கிறேன். தனியாவா விட முடியும்?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். ஜெயபாண்டி, மதுரை விளக்குத்தூண் பக்கம் கடையில் ஆசையாக வாங்கிய கறுப்பு ரெக்சின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறியபோது ஊறப்போட்ட துணி மாதிரி நனைந்திருந்தான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "எந்த ஊருக்குண்ணே பயணம்?" என்று கேட்டார்.

"இந்தா, அவனியாபுரந்தேன்" என்றான்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

கிடங்கில் முகேஷ் காத்திருந்தான். கதவை உள்ளிருந்தே தள்ளித் திறக்கலாம், முடியவில்லை என்றால் உடனே வந்துவிட வேண்டும், தான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று இரண்டு தரம் சொன்னான். சரண்யா ஒரு வாரமாகப் போனில் வீடியோ பார்த்துப் பாடம் படித்திருந்தாள். உடம்போடு ஒட்டின பனியன், மேலே காட்டன் சட்டை, அதற்கு மேலே கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய கோட்டு, காதை மூடும் குல்லாய், இரண்டு ஜோடி சாக்ஸ். நடந்து வந்தபோது நெல் மூட்டை உருண்டு வருகிற மாதிரி இருந்தது. பாண்டிமீனா அம்மாவைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். முனீஸ்வரி இருவர் நெற்றியிலும் விபூதி பூசினாள். தம்பிக்குக் கொஞ்சம் தாராளமாகவே பூசினாள்.

"மச்சான், அந்த ஜாக்கெட்டு ஆகாது. எங்க லோடுமேன் கோட்டு ஒண்ணு இருக்கு, தரட்டுமா?" என்றான் முகேஷ்.

"போ மாப்ள, நான் பாக்காத குளிரா?" என்று ஜெயபாண்டி உள்ளே போனான். அவன் பார்த்ததெல்லாம் அந்தக் கொடைக்கானல் குளிர்தான்.

கதவு மூடியது. முதலில் மூக்குக்குள் இருந்த ஈரம்தான் விறைத்தது. அப்புறம் கண்ணில் நீர் கட்டியது. ஃபேன் சத்தம் காதை அடைத்தது. சுற்றி அடுக்கடுக்காக ஐஸ்கிரீம் பெட்டிகள். சரண்யா கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த வீடியோவில் சொன்னபடி நின்ற இடத்திலேயே நடந்தாள். குளிர் இருந்தது, யார் இல்லை என்றது? ஆனால் அது கோட்டுக்கு வெளியே இருந்தது. அட, இவ்வளவுதானா! அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

ஜெயபாண்டி சிரிக்கிற நிலையில் இல்லை. வேர்த்து நனைந்த சட்டை முதுகில் ஐஸாகி ஒட்டியது. ரெக்சின் ஜாக்கெட் தகரம் போல விறைத்து, கையை மடக்கினால் கிரீச்சென்றது. கொஞ்ச நேரத்தில் தாடை தனியாக ஆட ஆரம்பித்தது.

"வெளிய போங்க மாமா. பந்தயம் எனக்குத்தேன், ஒங்களுக்கு இல்ல."

"மா... மாட்டேன்."

"அக்கா பாக்குறாகன்னா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முனீஸ்வரியின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் மெதுவாக அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். இப்படி நடுங்கிக்கொண்டு நிற்கிற ஆளைச் சரண்யா இதற்குமுன் பார்த்ததே இல்லை. வீட்டில் கேட்க நினைத்ததை இங்கேயே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"ஒரே ஒரு நெசம் சொல்லுங்க. நாங்க வரவேணாம்னுதேன நெனைக்கிறீங்க? குளிரு ஒரு சாக்கு."

ஜெயபாண்டி தரையைப் பார்த்தான். சொல்ல மாட்டான் என்றுதான் நினைத்தாள். சொன்னான், பல்லுக்கு நடுவில் துண்டு துண்டாக.

"இங்க நான் கை வச்சா வண்டி கெளம்பும். ஜெயபாண்டி அண்ணன்தேன் பாக்கணும்னு லோடோட காத்துக் கெடப்பாக. அங்க எல்லாம் கம்ப்யூட்டரு. இங்கிலீசு. ஆறு மாசம் பாத்துட்டுத்தேன் வேலை நெரந்தரம்னு கடுதாசியில போட்டுருக்கான். வேணாம்னு அனுப்பிட்டான்னா? தனியாப் போனா நானே சத்தமில்லாமத் திரும்பி வந்துருவேன். ஒன்னையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போயி, ஒங்க முன்னாடி நான் தோத்து நிக்கணும்ல சரண்யா. அதுதேன் பயமா இருக்கு."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதற்குத்தானா இத்தனை நாடகம், இதற்குத்தானா அவளுக்குக் 'கொடைக்கானலுக்கே தாங்காதவ' பட்டம்? அப்புறம் அந்த விறைத்துப்போன ஜாக்கெட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்த மனுஷனைப் பார்த்தாள். கோபம் எங்கே போனதோ, காணோம். பாவமாக இருந்தது. சொல்லிவிட்டானே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

"எங்கப்பா அங்க என்ன பாடுபட்டாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது மாமா. போட்டோவுல சிரிச்சாரு, போனுல நல்லா இருக்கேன்னாரு, அம்புட்டுத்தேன். நல்ல நாளு கெட்ட நாளு எதையும் எங்களுக்குக் காட்டல. அதனாலதேன் அவரு எனக்கு வேத்தாளாப் போனாரு. நீங்க தோத்தா என் கண்ணு முன்னாடி தோத்துப்போங்க. நான் சோறு போடுறேன். மறுநா எந்திரிச்சு வேற பட்டறையத் தேடுவோம். தோக்குறதுக்குக்கூட ஒங்களுக்கு ஒரு ஆளு வேணாமா?"

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

அரை மணி நேரத்துக்கு இன்னும் நிறைய இருந்தது. சரண்யாவால் நிற்க முடியும், இன்னும் ஒரு அரை மணி நேரம்கூட நிற்க முடியும். கதவைத் தொட்டால் பந்தயம் போய்விடும், டிக்கெட் போய்விடும். தெரிந்துதான் தொட்டாள். ஒரு கையால் புருஷனைப் பிடித்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளித் திறந்து முதல் ஆளாக வெளியே வந்தாள்.

முனீஸ்வரி ஆட்டத்தில் ஜெயித்த மாதிரி கையைத் தட்டினாள். "பாத்தியா? பாத்தியா? பாதிகூட ஆகல! நான் சொன்னேன்ல, இவ தாங்க மாட்டான்னு. ஏத்தா, இதுல ஒண்ணும் குத்தமில்ல, ஒன் ஒடம்பு வாகு அப்புடி. தம்பி, நீ மட்டும் போயிட்டு வா." சொல்லிக்கொண்டே, தான் கொண்டுவந்திருந்த போர்வையைச் சரண்யாவின் மேல் போர்த்த வந்தாள்.

பந்தயம் கட்டியது சரண்யா, தோற்றதும் அவள். ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னதும் அவள்தான். ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட மகளைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடி நின்றாள்.

ஜெயபாண்டி அக்காவின் கையிலிருந்த போர்வையை வாங்கித் தன் மேலேயே சுற்றிக்கொண்டான். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். பல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"அவ தாங்குவாக்கா. எனக்குத்தேன் தாங்கல. எனக்காகத்தேன் அவ வெளிய வந்தா."

"என்னடா சொல்ற?"

"எனக்குப் பயமா இருக்குக்கா. அந்த ஊர நெனச்சா, அந்த வேலைய நெனச்சா, ரெண்டு மாசமாத் தூக்கமே இல்ல. நான் தனியாப் போனா ஒரு வாரங்கூட இருக்க மாட்டேன்" என்றான். சொல்லச் சொல்ல அவன் நடுக்கம் குறைந்துகொண்டே வந்தது. "மாப்ள, போன எடு. மூணு டிக்கெட்டையும் இப்பவே போடு."

முனீஸ்வரி தம்பியை உற்றுப் பார்த்தாள். தாயில்லாப் பிள்ளையாக அவள் இடுப்பில் கிடந்த காலத்தில்கூட அவன் பயமாயிருக்கிறது என்று அவளிடம் சொன்னதில்லை. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சரண்யாவிடம் திரும்பினாள்.

"ஏத்தா," என்றாள், "இவனத் தனியா எங்கயும் விட்டுறாத."