தூங்குறவங்க லிஸ்ட்

வீட்டில் அவளுக்குப் பட்டதாரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் அண்ணன் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. மின்கட்டண ரசீது புரியாவிட்டால் "பட்டதாரிகிட்ட குடு". யாரோடாவது சண்டை என்றால் "பட்டதாரி வாயத் தொறந்துட்டா, இனி மூட மாட்டா". அவளும் மறுத்ததில்லை. வாய் இருந்ததால்தான் அவள் மேலே வந்தாள். வாயை மூடிக்கொண்டு மேலே வந்தவர்கள், அவளுக்குத் தெரிந்தவரை, யாருக்காவது சொந்தக்காரர்கள்.

மேலே என்றால் நிஜமாகவே மேலே. பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இயந்திரத்தை ஒட்டிய அறை. லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் மேசை மேலிருக்கும் பேனா உருளும். அறையில் பேராசிரியை, நூலகர், அவள் என்று மூன்றே பேர். அவர்கள் செய்தது தொகுப்பாய்வு. புதிதாக எதையும் ஆராய மாட்டார்கள். உலகத்தில் ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் தேடி எடுத்து, சொத்தையை ஒதுக்கி, மிச்சமிருப்பவை எல்லாம் சேர்ந்து என்னதான் சொல்கின்றன என்று எழுதுவார்கள். தேடுவது நூலகர். சலிப்பது அவள். ஒவ்வொரு ஆய்வின் சுருக்கத்தையும் படித்து "உள்ளே", "வெளியே" என்று குறி போட வேண்டும். அதே குவியலைப் பேராசிரியையும் தனியாகச் சலிப்பார். ஒருவர் குறியை மற்றவர் பார்க்கக் கூடாது.

"சலிச்சுச் சலிச்சு சலிச்சுப் போச்சு சார்" என்றாள் சேர்ந்த முதல் வாரத்திலேயே.

"இந்த ஜோக்கை இருபது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்மா. எனக்கும் சலிச்சுப் போச்சு" என்றார் நூலகர்.

அவர்கள் தேடியதெல்லாம் சூதாட்டத்தால் வரும் தீங்கு பற்றிய ஆய்வுகளை. முன்பெல்லாம் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் சூதாட்ட நிறுவனங்களின் நன்கொடையாகத்தான் வரும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கும்: இன்ன நிறுவனம் நிதி உதவியது, ஆனால் முடிவுகளில் அதற்குப் பங்கில்லை. பட்டதாரி அந்த வரிகளைப் பார்த்தாலே சிவப்பு பென்சிலால் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் "ஆமாம், நம்பிட்டோம்" என்று எழுதிவைப்பாள். பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. நன்கொடையெல்லாம் வேண்டாம், வரியாகக் கட்டு என்று சொல்லிவிட்டது. அந்த வரி பொதுநிதி வாரியத்துக்குப் போய், அங்கிருந்து ஆராய்ச்சிக்கு வரும். தொகுப்பாய்வு செய்ய விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் மனு அனுப்பலாம் என்று வாரியம் அறிவித்திருந்தது.

மனு தேறினால் அவளுக்கு மூன்று வருட வேலை. தேறாவிட்டால், அல்லது அதில் அவள் பெயர் இல்லாவிட்டால், முடிவு வந்த மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: சூதாட்டத்தை விட்டவர்கள் ஏன் திரும்பப் போகிறார்கள்? நூலகர் வெள்ளோட்டமாகத் தேடிப் பார்த்ததில் பதினோரு ஆய்வுகள்தான் அகப்பட்டன. பதினொன்றும் ஆடுகிறவனின் மண்டைக்குள்ளேயே நோண்டிக்கொண்டிருந்தன. மன உறுதி குறைவாம், அவசர புத்தியாம், சின்ன வயதில் ஏக்கமாம்.

"திரும்பிப் போனவனைத்தான் எல்லாரும் குடையறாங்க. அவனை வெளியிலிருந்து யாருமே கூப்பிடலையா?" என்றாள் பட்டதாரி.

"கூப்பிட்டிருக்கலாம். அதுக்கு என்ன வார்த்தைன்னு தெரியணும். வார்த்தை தெரியாம தேட முடியாது" என்றார் நூலகர். "பதினொண்ணை வெச்சுக்கிட்டுத் தொகுப்பாய்வுன்னு போனா வாரியத்துல சிரிப்பாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஞாயிறும் வேலை நாள்தான். ஏதோ கால் சென்டர், ஏதோ ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனிக்காகப் போன் பேசுகிறான். பட்டதாரிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் அம்மா "கம்ப்யூட்டர் கம்பெனி" என்று சொல்லிவைத்திருந்தாள். அது என்ன விளையாட்டு என்று பட்டதாரி கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்பதால் கேட்டதில்லை.

"இன்னிக்கு அறுபது பேரை எழுப்பணும்மா. ரெண்டாவது தடவை சோறு வேணாம்" என்றான்.

"யாரை எழுப்பணும்?" என்றாள் பட்டதாரி.

"தூங்குறவங்களை. நல்லா ஆடிக்கிட்டிருப்பாங்க, திடீர்னு நிறுத்திடுவாங்க. ஒரு மாசம் ஆள் தலை காட்டலைன்னா தூங்குறவங்க லிஸ்ட்டுக்கு வந்துடுவாங்க. நாங்க போன் போடுவோம். சார், சௌக்கியமா, உங்களுக்குன்னே பத்து ஆட்டம் இலவசமா வெச்சிருக்கோம், இன்னிக்கு ஒரு நாள்தான்னு சொல்வோம். எழுந்துடுவாங்க."

"எத்தனை பேர் எழுந்துக்குவாங்க?"

"மத்தவங்க கூப்பிட்டா பத்துல ஒருத்தர். நான் கூப்பிட்டா மூணு பேர். குரல் அப்படி."

"அவன் குரல் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். அழுதான்னா தெருவே எழுந்து உக்காந்துக்கும்" என்றாள் அம்மா பெருமையாக.

பட்டதாரி தட்டைத் தள்ளி வைத்தாள். "அவங்க தூங்கலைண்ணா. நிறுத்திட்டாங்க."

"எங்க ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவப் போனான்.

திங்கட்கிழமை காலை, பையைக்கூடக் கீழே வைக்காமல், "சார், தூக்கம்னு போட்டுத் தேடுங்க" என்றாள். நூலகர் போட்டார். பதினோராயிரத்துச் சொச்சம் ஆய்வுகள் வந்து கொட்டின. கைக்குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி, குறட்டைக்கு அறுவை சிகிச்சை, இரவுப் பணி செவிலியருக்கு ஏன் தலைவலி. ஐந்தாம் பக்கத்தில் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் கரடி ஒன்று வந்தது.

"கரடியும் ஆடுதாம்மா?" என்றார் நூலகர்.

அவள் அண்ணன் என்று சொல்லவில்லை. தெரிந்த ஒருவர் சொன்னதாக, அந்தப் பட்டியலைப் பற்றி மட்டும் சொன்னாள். நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ பிடிபட்டால் அவர் செய்கிற காரியம் அது.

"இது வியாபாரக்காரங்க வார்த்தை. நாம ஆஸ்பத்திரிக்காரங்க கடையில போய் இதைக் கேட்டா எப்படிக் கிடைக்கும்?"

மருத்துவத் தரவுத்தளத்தை மூடிவிட்டு வணிகத் தரவுத்தளத்தைத் திறந்தார். தூங்கும் வாடிக்கையாளர், தூங்கும் கணக்கு, மீட்டழைப்பு. எழுபத்து மூன்று ஆய்வுகள் அகப்பட்டன. ஒன்றில், விலகிப்போன ஆட்டக்காரர்களைத் திரும்பக் கொண்டுவர மின்னஞ்சலைவிட மனிதக் குரல் நான்கு மடங்கு பலன் தருகிறது என்று படம் வரைந்து காட்டியிருந்தார்கள். முடிவுரையில் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொண்டிருந்தார்கள். தீங்கு என்ற சொல் எழுபத்து மூன்றில் ஓரிடத்தில்கூட இல்லை. தீங்கு என்று தேடியவர்கள் கண்ணில் இத்தனை வருடமும் அவை படாமல் போனதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஒருவன் சிரமப்பட்டு விட்டதை, இன்னொருவன் சம்பளத்துக்குத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அதை அளந்து, அச்சடித்து, பரிசும் வாங்கியிருக்கிறார்கள். பட்டதாரி சிவப்பு பென்சிலைத் தேடி எடுத்தாள்.

பேராசிரியை மூன்று முறை படித்துப் பார்த்தார். "இந்த ஒரு வார்த்தைக்கே நிதி குடுக்கலாம்" என்றார். அவர் அப்படியெல்லாம் சட்டென்று சொல்கிறவர் இல்லை.

சிக்கல் புதன்கிழமை வந்தது. மனுவோடு தேடுசொற்களின் அட்டவணை ஒன்று வைக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து கிடைத்தது என்று எதிரே எழுத வேண்டும். அந்தப் பத்திக்கு "மூலம்" என்று தலைப்பு. இருபத்து மூன்றாம் வரியில் "தூங்குகிறவர்" இருந்தது. எதிரே வெற்றிடம்.

"மூலம் இருந்தாத்தான் உக்கார முடியாதும்பாங்க. இங்கே மூலம் இல்லாததால நான் உக்கார முடியலை" என்றார் நூலகர். அவள் சிரிக்காததைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு, "குழுவின் பொது அறிவுன்னு போட்டுடலாமா? பல பேர் அப்படித்தான் போடறாங்க" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன் சார்."

மனுவின் பின்னிணைப்பில் இன்னொரு படிவம் இருந்தது. கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ சூதாட்டத் தொழிலிலிருந்து ஊதியமோ நன்கொடையோ பெற்றதுண்டா? போன வாரமே அவள் "இல்லை" என்று குறி போட்டிருந்தாள். அண்ணனின் சம்பளச் சீட்டில் இருப்பது ஒரு தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் பெயர். தோண்டிப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. தோண்டுவதுதான் அவள் பிழைப்பு.

அன்று சாயங்காலம் அண்ணனின் அலுவலகத்துக்கே போனாள். இடைவேளையில் அவன் கீழே வந்தான். ஹெட்செட் அழுத்தி அழுத்தித் தலைமயிரில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தின் கட்டைச் சுவரில் காகிதக் கோப்பைகளோடு உட்கார்ந்தார்கள்.

"உன்னைப் பத்தி ஒரு ஃபாரத்துல எழுதணும்ணா."

"ஏன், எனக்குப் பொண்ணு பாக்கறியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் கோப்பையின் விளிம்பைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"எனக்குச் சம்பளம் குடுக்கறது டெலிபோன் கம்பெனி."

"டெலிபோன் கம்பெனிக்கு யார் குடுக்கறா?"

"சரி, உனக்கு யார் குடுக்கறா? எங்க ஆளுங்ககிட்ட வசூல் பண்ற வரிதானே உன் சம்பளம்? ஒரே உண்டியல்ல கை விட்டுட்டு என்னமோ என்னை மட்டும் பிடிக்க வந்துட்டே."

"அது வரி. நன்கொடைன்னா குடுத்தவன் பின்னாடியே வந்து நிப்பான். வரி கட்டினவன் வந்து நிக்க முடியாது."

அவன் கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தான். பிறகு, "மூணு வருஷம் உனக்கு ஃபீஸ் கட்டினேனே, அது வரியா நன்கொடையா?" என்று கேட்டான்.

வாய்க்காரி தன் கோப்பையைக் கவனமாகக் கட்டைச் சுவரில் வைத்தாள்.

"நான் என்னிக்காவது வந்து நின்னேனா?"

"இல்லைண்ணா."

"அப்ப எழுதிக்கோ. ஃபீஸையும் சேர்த்து எழுது. என் பேரை மட்டும் போட்டுடாத, சீட்டக் கிழிச்சுடுவான்." கோப்பையை நசுக்கினான். "உன் வேலை போச்சுன்னா?"

"போச்சுன்னா போச்சு."

"பட்டதாரிம்மா, அதை மூஞ்சியை இப்படி வெச்சுக்காம சொல்லு" என்று சொல்லிவிட்டு மேலே போனான்.

வியாழன் காலை பேராசிரியையின் மேசைக்கு எதிரே உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். புதிய படிவத்தை நீட்டினாள். இப்போது குறி "ஆம்" என்பதில் இருந்தது. கீழே, அவள் கையெழுத்தில், இத்தனை நாள் அவள் சிவப்பு பென்சிலால் கோடு கிழித்த அதே வகை அடிக்குறிப்பு: இவரது கல்லூரிப் படிப்புக்கான கட்டணம், சூதாட்ட நிறுவனத்துக்காக அழைப்புப் பணி செய்யும் சகோதரரின் ஊதியத்திலிருந்து செலுத்தப்பட்டது. முடிவுகளில் பங்கில்லை என்று எழுத மனம் வரவில்லை.

"போன வாரம் இல்லைன்னு போட்டிருக்கே" என்றார் பேராசிரியை.

"ஆமாம் மேடம். சம்பளச் சீட்டை மட்டும் பார்த்துப் போட்டேன்."

லிஃப்ட் கிளம்பியது. பேனா உருண்டது. பேராசிரியை அதைப் பிடித்து நிறுத்தினார்.

"வாரியத்தோட விதி உனக்குத் தெரியும். தொழிலோட தொடர்பு இருக்கறவங்க எது உள்ளே எது வெளியேன்னு முடிவு பண்ணக் கூடாது. நீ சலிக்க முடியாது."

"தெரியும்."

"உன் வேலையே அதுதான்."

"அதுவும் தெரியும் மேடம்."

அவள் கோபப்படுவாள் என்று பேராசிரியை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளுக்கே அது வியப்புதான். விதியின் மேல் கோபம் வரவில்லை. இதே விதியைப் பெரிய மனிதர்கள் மேல் போடச் சொல்லித்தான் அவள் இத்தனை நாள் கத்தியிருந்தாள்.

பேராசிரியை வாரியத்துக்குப் போன் போட்டுப் பேசினார். மத்தியானம் வரை கணக்குப் போட்டார். பிறகு கூப்பிட்டார். சலிப்பதற்கு வேறு ஆள் எடுப்பார்கள். அவள் பெயர் "தேடல்" என்ற பிரிவில், நூலகருக்குக் கீழே வரும். தேடல் வேலை பாதியிலேயே முடிந்துவிடும் என்பதால் அவளுக்கு மூன்று வருடம் இல்லை, ஒன்றரை வருடம்தான்.

"இதுக்கு மேல என்னால இழுக்க முடியலை" என்றார். "இருபத்து மூணாம் வரியை நீயே எழுது."

அவள் எழுதினாள்: மூலம் – அழைப்பு மையத் தொழிலாளி ஒருவர், நேர்ப்பேச்சில். நூலகர் எட்டிப் பார்த்து, "இனிமே உக்காரலாம்" என்றார். வெள்ளிக்கிழமை மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மனு போய்ச் சேர்ந்தது.

பத்து வாரம் கழித்து நிதி கிடைத்த கடிதம் வந்தது. அன்று மதியமே அரை நாள் விடுப்பு போட்டு வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். சங்கதியைச் சொன்னாள். ஒன்றரை வருடம் என்பதையும் சொன்னாள்.

"என்னாலதான் பாதியாச்சு, இல்ல?"

"பாதி உன்னால கிடைச்சுது. பாதி உன்னால போச்சு."

"கணக்கு நேராயிடுச்சு." ஷூவின் நாடாவை இழுத்துக் கட்டினான்.

"அண்ணா, தூங்குறவங்களைத் தூங்க விடேன்."

"உன் படிப்பு முடியட்டும்னுதானே இதுல சேர்ந்தேன். முடியட்டும், விட்டுடறேன்" என்றான், வழக்கமாகச் சொல்கிற பதிலை யோசிக்காமல் சொல்கிறவனாக.

"நான் படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். இன்னொரு ஷூ கையில் இருந்தது.

"ஆமால்ல" என்றான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். அவன் ஷூவை மாட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.