பணிவாக மறுத்தல்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் நல்ல நடத்தைக்கும் மதிப்பெண் போடலாம் என்று கண்டுபிடித்தவர் பேராசிரியர் கெனெஷ் அகாய். ஆசிரியரை மரியாதையாக 'அகாய்' என்பது எங்கள் ஊர் வழக்கம். வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து திரும்பியபோது அவரிடம் புதிதாக ஒரு சூட்கேசும் 'மருத்துவர் நடத்தைத் தேர்வு' என்ற யோசனையும் இருந்தன. சூட்கேஸ் சீக்கிரமே உடைந்துவிட்டது.

தேர்வில் நாடக நடிகை சபிரா நோயாளியாகப் படுத்து முனகுவார். மாணவர் கை கழுவ வேண்டும், தன் பெயர் சொல்ல வேண்டும், கடைசியில் சபிரா பரிசாக நீட்டும் கொன்யாக் மது பாட்டிலைப் பணிவாக மறுக்க வேண்டும். வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தோல்விதான், ஒரு வருடம் போயிற்று. பாட்டில் கெனெஷ் அகாயின் அலமாரியிலிருந்து வந்தது. அலமாரிக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் நல்ல நடத்தைதான்.

ஒத்திகை நன்றாக நடந்த மகிழ்ச்சியில் தேர்வு நடத்துகிற நாங்கள் பாட்டிலைக் காலி செய்துவிட்டோம். தேர்வுக்குப் பாட்டில் இல்லை என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. சபிரா அலட்டிக்கொள்ளவில்லை.

"விடுங்க. மதியத்துக்கு ரொட்டி சுட்டு எடுத்துட்டு வந்திருக்கேன், அதையே நீட்டுறேன். பரிசுதானே."

முதலில் வந்தவள் சைகல். தலைநகர் பிஷ்கெக்கில் இதய வார்டில் அவளுக்கு வேலை காத்திருந்தது. இந்தத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. எல்லாம் கச்சிதமாகச் செய்தாள். சபிரா ரொட்டியை நீட்டி, "வாய் வச்சுட்டுப் போம்மா" என்றார்.

ரொட்டியை நீட்டினால், அவசரமாக ஓடுகிறவனும் ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் ஓடுகிற ஊர் இது. சைகலின் கை தானாகப் போயிற்று. அவளுக்குப் பின்னால் வந்த அத்தனை பேர் கையும்தான்.

தேர்வறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கெனெஷ் அகாய் எல்லோருக்கும் பூஜ்யம் போட்டார்.

"ரொட்டிதானே அகாய்?" என்றேன்.

"இன்னிக்கு ரொட்டி, நாளைக்கு ஆடு" என்றார். ஆடுகள் விஷயத்தில் அவருக்கு அனுபவம் அதிகம்.

சைகல் மட்டும் மேல்முறையீடு செய்தாள். அகாயின் அறையில் விசாரணை. வழக்கம்போல மேசையில் தேநீர், ஜாம், ரொட்டி.

"உக்காரும்மா" என்று அகாய் தட்டை நீட்டினார். "முதல்ல வாய் வை, அப்புறம் பேசலாம்."

சைகல் கையை மார்பில் வைத்துக்கொண்டாள். "உங்க அன்புக்கு நன்றி அகாய். ஆனா என்னால ஏத்துக்க முடியாது."

அகாயின் முகம் சிவந்தது. "ரொட்டியவா வேணாங்குற? என் மேசையிலயா?"

"பணிவாத்தானே மறுத்தேன்? சரியில்லைன்னா இன்னொரு தடவ மறுக்கிறேன்."

"வேணாம், வேணாம். கொஞ்சமாவது பிச்சு வாயில போடு. வீட்டுக்கு ஆகாது."

"போட்டா பூஜ்யமாச்சே."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் அகாய்."

மறுக்கப்பட்ட ரொட்டியைத் திரும்ப மேசையில் வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. வலது கையில் தட்டைப் பிடித்தபடியே இடது கையால் பேனாவை எடுத்து, கோணல்மாணலாகத் 'தேர்ச்சி' என்று எழுதினார். மை உலரும்வரை காத்திருந்துவிட்டு, சைகல் ஒரு துண்டு பிய்த்து நிதானமாக மென்றாள்.

"நல்லா இருக்கு அகாய்."

மறுநாள் மற்ற மாணவர்களும் மேல்முறையீட்டுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். மேசையில் தேநீர் இருந்தது, ஜாம் இருந்தது. ரொட்டியை மட்டும் காணவில்லை.